பிரியாணி தேக்சாவில் ரேடியேட்டர்

கோவிலம்பாக்கத்தில் கட்டிக்கொடுத்த என் மூத்த மகளுக்கு ஏழாம் மாதம். தலைப்பிரசவத்துக்கு ஞாயிறு சாயங்காலம் தாம்பரத்துக்கு அழைத்து வரவேண்டும். டாக்டரம்மா, "ஆட்டோவில் குலுக்காதீங்க, படுத்த மேனிக்கு வரட்டும்" என்று சொல்லிவிட்டார். நீட்டிப் படுக்க இடமுள்ளது என் பழைய வேன் ஒன்றுதான். அந்த வேனின் ரேடியேட்டரோ ஒழுகிக்கொண்டே இருந்தது.

டிரைவர்மார் சொன்னபடி மஞ்சள்தூளைக் கரைத்து ஊற்றிப் பார்த்தேன். ஒழுக்கு நிற்கவில்லை, வாசலெல்லாம் மஞ்சளானதுதான் மிச்சம். ஞாயிற்றுக்கிழமை பட்டறையும் கிடையாது. ஆனால் எனக்குப் பாத்திரத்துக்கு ஈயம் வைக்கிற தொழில். பிஸ்மில்லாஹ் சொல்லி நானே கழற்றினேன்.

ஓட்டை எங்கே என்று தெரிய, முழுசாகத் தண்ணீரில் முக்கிக் காற்றடிக்க வேண்டும். அது முங்குகிற அளவுக்கு வீட்டில் இருந்த ஒரே பாத்திரம், ராத்திரி விருந்துக்காக வாடகைக்கு எடுத்த தேக்சா. பக்கத்து வீட்டில் மசாலா அரைத்துக்கொண்டிருந்த என் மனைவிக்குத் தெரியாமல் அதில் இறக்கிவிட்டேன். ரேடியேட்டரின் வாய்களைக் கட்டையால் அடைத்து, மச்சான் சைக்கிள் பம்பால் அடித்தார். அடிப்பக்கம் குமிழி வந்தது. எடுத்துத் துடைத்து, சூட்டுக்கோலைக் காயவைத்து ஈயம் வைத்தேன். மறுபடி தண்ணீரில் முக்கும்போது அவள் வந்துவிட்டாள்.

"என்னங்க இது, சோறு வேகிற பாத்திரத்துல வண்டிச் சாமானா?"

"தம்ல போட்டிருக்கோம்க்கா. மூடிதான் பாக்கி" என்றார் அவள் தம்பி.

"உன்னையும் சேர்த்து உள்ள போட்டு மூடறேன், இரு."

திட்டிக்கொண்டே குனிந்தவள் சட்டென்று நின்றாள். "அது என்ன, அந்த ஓரத்துல? உலை கொதிக்க ஆரம்பிக்கறப்ப வர்ற மாதிரி பொடிப்பொடியா வருதே."

இன்னொரு ஓட்டை. ஊசிமுனை அளவுதான். நாங்கள் இரண்டு பேரும் பெரிய குமிழியையே பார்த்துக்கொண்டிருந்ததில் அதைக் கவனிக்கவே இல்லை. அதையும் அடைத்தேன். மூன்றாவது முறை முக்கியபோது தண்ணீர் சலனமில்லாமல் கிடந்தது. அல்ஹம்துலில்லாஹ்.

தேக்சாவைப் புளியும் சாம்பலும் போட்டு நானும் மச்சானும்தான் தேய்த்தோம். அவள் மோந்து பார்த்து, "இன்னொரு தடவை" என்றாள். தேய்த்தோம்.

ரேடியேட்டரை வேனில் மாட்டித் தண்ணீர் ஊற்றி, அஸர் தொழுதுவிட்டுப் புறப்பட்டேன். சூடு காட்டும் முள்ளைப் பார்த்துப் பார்த்தே கோவிலம்பாக்கம் போய்ச் சேர்ந்தேன். அது நடுவைத் தாண்டவில்லை. சம்பந்தி வீட்டு வாசலில் வேனுக்கு அடியில் குனிந்து பார்த்தேன். தரை காய்ந்து கிடந்தது.

மெத்தை விரித்து மகளைப் படுக்கவைத்தேன். "அத்தா, மெதுவா" என்றவள் மேடவாக்கம் வருவதற்குள் தூங்கிப்போனாள். நான் மாட்டுவண்டி மாதிரி ஊர்ந்தேன். செம்பாக்கத்தில் பின்னால் ஹாரன் அடித்துக்கொண்டே வந்த ஆட்டோக்காரர் பக்கத்தில் வந்து, "இன்னா பெரியவரே, தூங்கினு ஓட்டுறியா?" என்றார்.

"தூங்குறது என் பொண்ணு தம்பி. மாசமா இருக்கா" என்றேன்.

அவர் எட்டிப் பார்த்தார். தாம்பரம் வரைக்கும் எங்களுக்கு முன்னால் கையைக் காட்டி வழி விலக்கிக்கொண்டே போனார். ஒரு ஹாரன்கூட அடிக்கவில்லை.