சல்லடையில் நின்ற மண்

பால் காளானுக்கு வைக்கோல் மட்டும் போதாது. பைக்குள் வெள்ளைப் பூசணம் பரவியதும் பாதியாக வெட்டி, மேலே வேகவைத்த மண்ணைப் பரப்ப வேண்டும். அந்த மண்ணிலிருந்துதான் காளான் எழும். இரண்டாயிரத்தை ஒட்டிய வருஷங்களில், கோவில்பட்டிக்கு வெளியே எங்கள் வீட்டுப் பின்பக்கக் கொட்டகையில் நான் அந்தத் தொழிலில் இறங்கியிருந்தேன். எட்டாம் வகுப்போடு நின்றவன். எதற்கெடுத்தாலும் பயம்.

விற்கப்போகும் பைகளில் கல் கிடந்தால் கடைக்காரர் என்ன சொல்வாரோ என்று கரிசல் மண்ணை மாவு போலச் சலித்தேன். சல்லடையில் நின்றதெல்லாம் வெள்ளைச் சுக்கான் கல். வீணாக்குவானேன் என்று அதை இடித்து, கொஞ்சம் மண்ணும் சேர்த்து, வீட்டுச் சாப்பாட்டுக்கென்று வைத்திருந்த பைகளுக்குப் போட்டேன்.

வீட்டுப் பைகள் முந்திக்கொண்டன. தலைப்பிரசவத்துக்கு வந்திருந்த தங்கச்சிக்கு வேறு எதுவும் வாய்க்குப் பிடிக்கவில்லை. தினமும் காளான் குழம்புதான்.

"எம்பிள்ள குடை பிடிச்சிக்கிட்டுத்தான் பொறக்கும் பாருண்ணே" என்பாள்.

விற்பனைப் பைகளும் முளைத்த சமயம், பக்கத்து வீட்டு அத்தை எட்டிப் பார்த்தாள். தீப்பெட்டி ஆபீசில், குச்சிக்கு மருந்து முக்குகிற வேலையில் ரொம்ப காலம் இருந்தவள்.

"மண்ணு எங்கனலே வெட்டுன?"

"இடிஞ்ச தீப்பெட்டி ஆபீசுக்குப் பொறத்தால, அத்தே."

"அட கிறுக்கா! மருந்துச் சட்டி கழுவுன தண்ணிய பூரா அங்கனதான ஊத்துவோம்!"

தங்கச்சியிடம் வாயே திறக்கவில்லை. குழம்பை நிறுத்தினேன், விற்பனைக்கும் அனுப்பவில்லை. இரண்டு வகைப் பையிலும் காளான் பறித்து விவசாயக் கல்லூரிக்கு ஓடினேன். முடிவு வரும்வரை அவள் வயிற்றைப் பார்க்கவே எனக்குத் துணிச்சல் இல்லை.

மறுபடி போனபோது அங்கே சோதனை செய்த அம்மா, "ஒரே மண்ணுன்னுதானே சொன்னீங்க? விக்கிற காளான்ல தீப்பெட்டி மருந்துல உள்ள ஈயம் ஏறியிருக்கு. வீட்டுக் காளான்ல பேருக்குத்தான். அதுல என்ன கலந்தீங்க?" என்றார்.

"ஒண்ணும் கலக்கலம்மா. சல்லடையில நின்ன சுக்கானத்தான் இடிச்சுப் போட்டேன்."

அவர் சிரித்துவிட்டார். "அது சுண்ணாம்புல்லா! ஈயத்தப் பிடிச்சு வச்சுக்கிடும். காளான் உறிஞ்ச முடியாது."

"மண்ண நல்லா அவிச்சேனே, அம்மா?"

"அவிச்சா கிருமி சாகும். ஈயம் சாகுமா?"

"வீட்டுக் காளான என் தங்கச்சி தின்னுட்டா. மாசமா இருக்கா."

"அதுல இருக்கிற அளவுக்குப் பயப்பட வேண்டாம். ஆனா இனிமே அந்த மண்ணு வேண்டாம்."

பஸ்ஸில் வரும்போது இருபுறமும் உழுத கரிசல். கருப்புக்குள் வெள்ளை வெள்ளையாகச் சுக்கான். ஏர்க் கொழுவை மழுங்கடிக்குது என்று நாங்கள் பொறுக்கி வரப்பில் எறிகிற சனியன். ஒரு கல், வாயும் கையும் இல்லாதது, விஷத்தைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டு பிள்ளைத்தாய்ச்சி வரைக்கும் விடாமல் நின்றிருக்கிறது. ஜன்னலை விட்டு என்னால் முகத்தைத் திருப்ப முடியவில்லை.

கொட்டகைக்குள் போனேன். இந்தப் பக்கமும் வெள்ளைக் காளான், அந்தப் பக்கமும் வெள்ளைக் காளான். கண்ணுக்கு ஒரு வித்தியாசமும் இல்லை. விற்பனைக் காளான்தான் இன்னும் கொழுகொழுவென்று இருந்தது. அதைத்தான் பிடுங்கிப் போட ஆரம்பித்தேன்.

தங்கச்சி வாசலில் வந்து நின்றாள். "ஏண்ணே, நல்லா வந்ததப் போயி பிடுங்குதீய?"

"உள்ள போத்தா. சொல்லுதேன்" என்று அடுத்த பையை இறக்கினேன்.