படத்தின் ஓரத்தில் நின்றவன்

அந்தப் பத்திரிகை ஆபீஸில் அவளுக்கு மடிப்பு வேலை. அச்சாகி வரும் தாள்களை மடித்து அடுக்கித் தைக்க அனுப்ப வேண்டும். புருஷனும் அங்கேதான் இருந்தான். பத்திரிகைக் கட்டுகளைத் தோளில் சுமந்து ரயிலடிக்குக் கொண்டுபோவான். ‘மூட்டை’ என்று கூப்பிட்டால்தான் திரும்பிப் பார்ப்பான்.

போர்க்காலம். ரயிலடியில் ஒரு சிப்பாய் மனைவியிடம் விடைபெறுகிறான். அவர்களைச் சுற்றிக் கூட்டம். தொடர்கதைக்காக இந்தக் காட்சியை ஓவியர் துணியில் பெரிதாகவே தீட்டினார். சிப்பாய்க்கும் மனைவிக்கும் மாதிரியாக நிற்க ஆள் கிடைத்தது, கூட்டத்துக்குக் கிடைக்கவில்லை. சாப்பாட்டு வேளையில் மூட்டையைப் பிடித்து நிறுத்திவிட்டார்.

"சிரிக்காம நில்லுப்பா. ஊரே அழுதுட்டு இருக்கு."

"எங்க வீட்டுல யாரும் போகலியே சார். நான் எதுக்கு அழணும்?"

ஓவியர் அலுத்துப்போய் அவனைச் சிரித்தபடியே வரைந்தார்.

கொஞ்ச நாளில் அவனுக்கும் பட்டாளத்திலிருந்து அழைப்பு வந்தது. போனவன் திரும்பவில்லை. மகள் அப்போது வயிற்றில். "நல்ல சட்டை ஒண்ணு வாங்கினதும் போட்டோ எடுத்துக்கலாம்" என்று தள்ளிப்போட்டவன், ஒரு போட்டோகூட விட்டுப்போகவில்லை.

பத்திரிகையில் வந்த படத்திலும் அவன் முகம் இல்லை. பக்கத்துக்கு அடங்கவில்லை என்று அச்சுக்குப் பிளாக் செய்தவர் ஓரத்தை விட்டுவிட்டார். அவள் மடித்த தாள்களில் எல்லாம் ஒரு முழங்கையும் ஒரு மூட்டையும்தான் இருந்தன. ஆசிரியர் அறைச் சுவரில் மாட்டியிருந்த அசலில்தான் அவன் சிரித்துக்கொண்டிருந்தான். மகளுக்குக் கொஞ்சம் விவரம் தெரியட்டும், அழைத்துவந்து அப்பாவைக் காட்டலாம் என்று அவளும் தள்ளிப்போட்டாள். அதற்குள் பத்திரிகை படுத்துவிட்டது. ஆசிரியர் படத்தைத் தன் வீட்டுக்குக் கொண்டுபோய், பிறகு பல் டாக்டர் மாப்பிள்ளைக்குக் கொடுத்துவிட்டார்.

வருஷங்கள் கழித்து, நிஜமாகவே பல் வலித்து அந்த டாக்டரிடம் போனபோதுதான் காத்திருக்கும் அறையில் அதைப் பார்த்தாள். அங்கேயும் முழங்கைதான்.

"டாக்டர், அந்த ஓரத்துல ஒருத்தர் இருந்தாரே?"

"பிரேம் சின்னதும்மா. ஓரத்தைப் பின்னாடி மடிச்சு ஆணி அடிச்சாச்சு. யாரோ மூட்டை தூக்கறவன்தான்."

"ஒரே ஒரு தடவை பிரிச்சுக் காட்டுங்களேன்."

"பல்லுன்னா இப்பவே பிடுங்கிடறேன். ஆணியைப் பிடுங்கினா படம் போயிடும்."

அதன்பிறகு இல்லாத வலியோடு போய்ப் போய்க் கெஞ்சினாள். நல்ல பற்கள் இரண்டு போனதுதான் மிச்சம்.

"வலிக்காத பல்லை எதுக்கும்மா பிடுங்கிக்கிற?" என்றாள் மகள்.

"உங்கப்பா அங்க இருக்காருடி."

"எங்க இருக்காரு? முழங்கைதானே இருக்கு!"

டாக்டர் தொழிலை மூடும்போது படத்தை அருங்காட்சியகத்துக்குக் கொடுத்தார். தாய் தனியாக ஓடினாள். அங்கே படங்களைப் பழுது பார்க்கும் பெண் ஆணிகளை எடுத்து மடிப்பை விரித்திருந்தாள். மடிப்பு சரியாக முகத்தின் குறுக்கே ஓடியிருந்தது. வண்ணம் செதில் செதிலாகக் கொட்டி, ஒரு காதும் தாடையும் மட்டும் மிஞ்சியிருந்தன.

"கவலைப்படாதீங்கம்மா. இருக்கறதை வெச்சு நிரப்பிடலாம்."

"சிரிச்ச முகம்மா அது."

"எல்லாரும் அழற இடத்துல இவர் மட்டும் சிரிப்பாரா? உங்களுக்கு மறந்திருக்கும்."

பாதி முகத்தை மகளுக்குக் காட்ட மனம் வரவில்லை. சரியாகட்டும் என்று காத்திருந்தாள்.

படத்தை மாட்டிய அன்று மகளைக் கையைப் பிடித்து அழைத்துப்போனாள். ஓரத்தில் மூட்டையோடு ஒருவன் நின்றான். மூக்கு அவனுடையது இல்லை, கண்ணும் இல்லை. கன்னத்தில் ஈரம் மினுங்கியது. "இது யாரு?" என்ற கேள்வி தாயின் தொண்டை வரை வந்துவிட்டது.

அதற்குள் மகள் தன் காதைத் தொட்டுப் பார்த்துக்கொண்டாள். "அதே காதும்மா எனக்கு!" பிறகு குரல் இறங்கியது. "அப்பா அழறாரே. நம்மள விட்டுப் போகணும்னா?"

தாய் படத்தையும் மகளையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"ஆமா. அப்படியேதான் இருப்பாரு."

அன்று முதல் அவள் கண்ணை மூடினால் அந்த அழுகிறவன்தான் வந்து நின்றான். சிரித்தவனை எவ்வளவு கூப்பிட்டும் வரவில்லை.