சாமிப் படத்தைக் கழற்றச் சொல்பவர்

"சாமி படத்த கொஞ்சம் கழட்டுங்க. அவரு பின்னாடி என்னத்த மறைச்சிக்கிட்டு நிக்கிறாருன்னு பாக்கணும்."

எங்கள் மலையக ஊரான மஸ்கெலியாவில் வீடு விற்பவர்கள் மிகவும் பயப்படுவது கோசலாவின் இந்த வார்த்தைக்குத்தான். படம் இறங்குகிறது. பின்னால், சீமேந்துப் புளொக் கற்களின் இணைப்பு வழியே படிக்கட்டுபோல மேலேறிப் போகிறது ஒரு வெடிப்பு. கோசலா சேலையிலிருந்து ஊக்கைக் கழற்றி அதற்குள் விடுகிறார். ஊக்கு முழுதாக உள்ளே போகிறது. "அவரு என்னா செய்வாரு பாவம், ஆணி அடிச்சது நீங்கதானே" என்று சாமிக்கு மட்டும் விடுதலை கொடுக்கிறார்.

வயது ஐம்பத்து மூன்று. இருபது வருடம் மேசன்மாருக்குச் சாந்து குழைத்தவர். சான்றிதழ் ஒன்றும் கிடையாது. வீடு வாங்கப் போய், பொறியியலாளர் எழுதிக் கொடுத்த அறிக்கை விளங்காதவர்கள்தான் முதலில் இவரிடம் வந்தார்கள். இப்போது நேரே இவரிடமே வருகிறார்கள். பையில் ஒரு டோர்ச், உளி, சுத்தியல், ஒரு கண்ணாடிக் கோலிக்குண்டு. குண்டைத் தரையில் விடுவார். அது எந்த மூலைக்கு ஓடுகிறதோ அந்த மூலை இறங்குகிறது. கதவுகளை ஒவ்வொன்றாகச் சாத்துவார். ஒன்று இறுகும். "மழைக்கு மரம் ஊதியிருக்கு" என்று வீட்டுக்காரர் சமாளித்தால், "மேல் மூலையில மட்டுமா ஊதும்? நிலையே கோணிருச்சுங்க" என்பார்.

சுவரோரம் ஒரு வாளித் தண்ணீரை ஊற்றிவிட்டு, அது வடிகானுக்கு ஓடுகிறதா, அத்திவாரத்துக்குள் புகுகிறதா என்று இடுப்பில் கைவைத்து நிற்பார். மலையை வெட்டிய மண்ணைப் பள்ளத்தில் கொட்டி, அதன்மேல் பாதி வீட்டைக் கட்டுவது எங்கள் ஊர் வழக்கம். அதைக் கண்டால் அவர் வாய் அடங்காது. "பாதி வீடு தரையில நிக்குது, மீதி நம்பிக்கையில நிக்குது."

போன ஐப்பசியில் நல்லமுத்துவும் அவர் மனைவி பரிமளமும் இவரை ஒரு வீடு பார்க்க அழைத்துப் போனார்கள். வேடிக்கை பார்க்க நானும் ஒட்டிக்கொண்டேன். ஆனி மாத மண்சரிவில் அவர்களது தேயிலைத் தோட்டத்து லயக் குடியிருப்பின் பின்சுவர் விழுந்துவிட்டது. நான்கு மாதமாக உறவினர் வீட்டுக் கூடத்தில்தான் படுக்கை. தோட்ட வேலையிலிருந்து நின்றபோது கிடைத்த சேவைக்காலப் பணம் ஒரே ஒரு வீட்டுக்குத்தான் காணும்; தவறினால் அவ்வளவுதான். வீடு பஜாரில் புடவைக்கடை வைத்திருக்கும் கஜேந்திரனுடையது. புதுப் பெயின்ட், மாபிள் தரை, ஜன்னலைத் திறந்தால் நீர்த்தேக்கம். பரிமளம் ஜன்னல் திரைக்கு அளவே எடுத்துவிட்டார். "சரின்னு மட்டும் ஒரு வார்த்த சொல்லிருங்க அக்கா" என்று அவர் கோசலாவிடம் கெஞ்சியது எனக்கும் கேட்டது.

உள்ளே குண்டு ஓடவில்லை. கதவு இறுகவில்லை. நான் தேத்தண்ணியை எதிர்பார்த்து உட்கார்ந்துவிட்டேன். கோசலா மட்டும் முற்றத்து மண்ணைத் தாங்கி நிற்கும் அணைச்சுவரின் அடிக்கு இறங்கிப் போனார். நாங்களும் பின்னால் போனோம். நீலம் பூசிய அழகான சுவர். ஆனால் பெயின்டுக்கடியில் உள்ளங்கை அளவில் எட்டு வட்டங்கள் வரிசையாகப் புடைத்திருந்தன.

"இதுல பைப்பு இருந்திச்சா?"

"இருந்திச்சு. மழ பெஞ்சா செவப்புத் தண்ணி வடிஞ்சு சொவரே அசிங்கமா போவுது. பெயின்ட் அடிக்க முந்தி சீமேந்து வச்சி அடைச்சிட்டேன்" என்றார் கஜேந்திரன், பெருமையாக.

மண்ணில் ஊறும் மழை வெளியேற வைத்த துளையை, லட்சணமில்லை என்று அடைக்க எங்கள் ஊர்க்காரனால்தான் முடியும். எனக்குக் கோபம் வந்தது. கோசலாவுக்கு வரவில்லை. "மூக்க அடைச்சிட்டு பவுடர் போட்டிருக்கீங்க" என்றார்.

உளியை வைத்து நாலு அடி. சீமேந்து பெயர்ந்ததும் சேற்றுத் தண்ணீர் பாய்ந்து கஜேந்திரனின் வெள்ளை வேட்டியை நனைத்தது. பாய்ச்சல் நிற்கவே இல்லை. பரிமளம் அதையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"எங்க சொவர் விழுகயிலயும் இப்பிடித்தான் வந்திச்சு" என்று படியில் உட்கார்ந்து அழுதார். நல்லமுத்து "வேணாம்" என்றார்.

கோசலா ஆறுதல் சொல்லப் போகவில்லை. அடுத்த வட்டத்தில் உளியை வைத்தார்.

"அவங்கதான் வாங்கலயே, இனி என்னத்துக்கு ஒடைக்கிறீங்க?" என்று கஜேந்திரன் சத்தம் போட்டார்.

கோசலா திரும்பவில்லை. சுத்தியல் பிடித்த கையால் கீழே காட்டினார். சுவருக்கு நேர் கீழே ஒரு லயம். தகரக் கூரையெங்கும் அடுப்புப் புகை, கொடியில் பள்ளிக்கூடச் சட்டைகள். பிறகு அதே கையை ஓங்கி அடித்தார்.