என்கிறாள்

பேசுகிறவரின் முகத்தைப் பார்க்காமல் காலைப் பார்த்தபடிதான் மரியநாயகம் கேட்பார். இலங்கையில், ஹட்டனில் பிரஜாவுரிமை விசாரணை நடக்கும் நாட்களில், தேயிலைத் தோட்டத்து ஆட்கள் தமிழில் சொல்வதை அதிகாரிக்கு ஆங்கிலத்தில் சொல்வது அவர் உத்தியோகம். கூட்டவும் மாட்டார், குறைக்கவும் மாட்டார். நோர்வூட் வரைக்கும் அந்தப் பெயர் உண்டு.

பொய்யை அவர் பிடிப்பது தேதியில். தோட்டத்து வரிசை வீடுகளான லயத்து ஆட்கள் தேதி சொல்வதில்லை. "மண்ணு சரிஞ்ச வருசமுங்க", "மூத்தவ தவழ்ந்தப்பங்க" என்பார்கள். நாள், மாதம், வருஷம் மூன்றும் பிசகாமல் வந்தால் யாரோ மனப்பாடம் பண்ணிவைத்தது; கால் பெருவிரலும் உடனே தரையைச் சுரண்டும். "மீன்காரன் காலயும் பாக்குறாரு. மீனப் பாருங்கன்னா கேக்கமாட்டேங்குறாரு" என்பாள் மனைவி பவுலின்.

ராக்காயியின் முறை வந்தது. விண்ணப்பம் தவறினால், அவள் கண்ணால் காணாத இந்தியாதான் அவளுக்கு நாடு.

"இந்தத் தோட்டத்துலதாங்க பொறந்தேன், கடல் தாண்டினதே இல்லைங்க, முப்பத்தாறு மார்ச்சு ஒம்பதுல கலியாணம் ஆச்சுங்க" என்று ஒரே மூச்சில் முடித்தாள்.

பிறந்தது மெய். தாண்டாததும் மெய். கலியாணத் தேதிக்கு மட்டும் பெருவிரல் தரையைச் சுரண்டியது; அது விண்ணப்பம் நிரப்பியவர் கற்பனை. மரியநாயகம் மூன்றையும் ஆங்கிலத்தில் சொல்லி, "என்கிறாள்" என்று முடித்தார். அதிகாரி எதையோ எழுதிப் பேனாவை மூடினார்.

மத்தியானச் சாப்பாட்டில் அதிகாரி சிரித்தார். "மிஸ்டர் மரியநாயகம், மெய்யென்றால் நீர் அப்படியே சொல்லிவிடுவீர். பொய்யென்றால்தான் கடைசியில் 'என்கிறாள்' வரும். ஒரு வருஷமாக அதைக் கேட்டுத்தான் நான் எழுதுகிறேன்."

அப்படியொரு சொல் தம் வாயில் இருப்பதே மரியநாயகத்துக்குத் தெரியாது. தேதிக்காக விழுந்த சொல், ராக்காயி பிறந்ததையும் சேர்த்தல்லவா மூடிவிட்டது! 'தேதி மட்டும்தான் பொய், சேர்; மற்றதெல்லாம் மெய்' என்று அப்போதே சொல்லியிருக்கலாம். உத்தியோகத்தை நினைத்தார். ரசத்தை ஊற்றிப் பிசைந்தார்.

இரண்டு மாதம் கழித்து ராக்காயி ஒரு கடிதத்தோடு அவர் வீட்டு வாசலுக்கு வந்தாள்.

"இங்கிலீசுல வந்திருக்குங்க. தோட்டத்துக் கிளாக்கரையா படிச்சா பாதிய முழுங்கிருவாரு. நீங்கதான் உள்ளத உள்ளபடி சொல்லுவீங்க."

படித்தார். விண்ணப்பம் தள்ளப்பட்டுவிட்டது என்றார்.

அவள் பக்கத்தில் வந்து கடிதத்தை எட்டிப் பார்த்தாள். "ஏன்னு போடலீங்களா?"

'இவள் வாக்குமூலம் நம்பத்தக்கதல்ல' என்றிருந்தது. ராக்காயிக்கு எந்த எழுத்தும் தெரியாது. ஆனாலும் மரியநாயகம் அந்த வரியின்மேல் கட்டைவிரலை வைத்து மறைத்துக்கொண்டார்.