அலைக்குளத்தில் ஏட்டையா

தண்ணீரைக் கண்டால் ஊரே ஓடிப்போய் விழும். வேல்ராஜ் மட்டும் தண்ணீருக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நிற்பார். அவருடைய உத்தியோகம் அப்படி. குற்றாலத்தில் சீசன் தொடங்கிவிட்டால் ஹெட் கான்ஸ்டபிள் வேல்ராஜுக்கு அருவிக்கரைதான் வீடு. "குளிச்சது போதும், அடுத்த ஆளுக்கு வழி விடுங்க" என்று விசிலும் கையுமாகக் கத்திக்கொண்டிருப்பார். மேலே மலையில் மழை பிடித்துக்கொண்டால் அபாயச் சங்கு ஊதுவார்கள். சங்கு ஊதிவிட்டால் குழந்தை, கிழவர், குடித்துவிட்டு வந்தவர் என்று பார்க்க முடியாது. கையில் அகப்பட்டவர்களை வெளியே இழுத்துப் போட வேண்டியதுதான். வெள்ளத்துக்குக் காத்திருக்கத் தெரியாது.

வேலையில் கெட்டிக்கார மனிதர். வீட்டில்தான் பேர் கெட்டுக் கிடந்தது. எங்கெங்கிருந்தோ ஜனங்கள் வண்டி கட்டிக்கொண்டு குற்றாலத்துக்கு வருகிறார்கள். தென்காசி போலீஸ் குடியிருப்பில் இருந்துகொண்டு, பெற்ற மகளை அவர் ஒருநாள்கூட அருவிக்குக் கூட்டிப்போய்க் குளிக்க வைத்ததில்லை. தண்ணீர் விழும்போது அவருக்கு லீவு கிடையாது. லீவு கிடைக்கும்போது அங்கே வெறும் பாறைதான் இருக்கும். மகள் அபி வருஷா வருஷம் கேட்டுப் பார்த்தாள், "அடுத்த வாரம்" என்ற பதிலை வாங்கி வாங்கி அலுத்துப்போனாள். இந்த வருஷம் கேட்பதையே விட்டுவிட்டாள். அவள் நச்சரித்தபோதுகூட வேல்ராஜுக்கு இவ்வளவு வலித்ததில்லை.

அதனால் கோடை விடுமுறையில் லீவு கிடைத்ததும் அவரே வாய் திறந்தார். திருநெல்வேலிக்கு அந்தப் பக்கம் புதிதாக ஒரு வாட்டர் பார்க் வந்திருந்தது. தென்னை மரத் தீவு, காடு, அருவி என்று பஸ்ஸுக்குப் பின்னாலெல்லாம் விளம்பரம்.

"நீங்களும் வருவீங்களா, இல்ல எங்கள மட்டும் பஸ் ஏத்தி விடுவீங்களா?" என்று கேட்டாள் அபி. போனிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

"வருதேன்ட்டி."

"பாப்போம்."

அந்தப் 'பாப்போம்' அவரைச் சுருக்கென்று தைத்தது. இந்த ஒரு நாளையும் கோட்டைவிட்டால் இனி மகள் தன் பேச்சை ஒரு பேச்சாகவே எடுத்துக்கொள்ள மாட்டாள் என்று அவருக்குத் தெளிவாகத் தெரிந்தது. தெளிவாகத் தெரிந்தது அது ஒன்றுதான். மற்றதெல்லாம் ஒரே குழப்பம்.

முதலில் பார்க்குக்குப் போன் போட்டார்.

"இன்னைக்கு அங்கன தண்ணி விழுதாம்மா?"

எடுத்த பெண் கொஞ்சம் தயங்கினாள். "மோட்டார் போட்டா விழும் சார்."

மோட்டார் போட்டு விழுகிற அருவியை மனதுக்குள் கொண்டுவர முயன்று, முடியாமல், அடுத்த கேள்விக்குப் போனார். "ஆம்பளைக்குத் தனி, பொம்பளைக்குத் தனின்னு கயிறு கட்டியிருக்கா?"

"எல்லாரும் ஒண்ணாத்தான் சார்."

"சரி. எண்ணெய் தேச்சிட்டு வந்தா அங்கனயே சீயக்காய் கிடைக்குமா, இல்ல நாங்க கொண்டுவரணுமா?"

"எண்ணெய் தேய்ச்சிட்டு வந்தா உள்ள விட மாட்டோம் சார். வேட்டி, லுங்கி, சேலை எதுவும் கூடாது. நைலான் டிரஸ்தான். சாப்பாடும் வெளியில இருந்து கொண்டுவரக் கூடாது."

இதையெல்லாம் மனைவி சங்கரேஸ்வரியிடம் போய்ச் சொன்னார். அவள் அடுப்பைத் தணித்துவிட்டு அவரை ஏற இறங்கப் பார்த்தாள்.

"எண்ணெய் இல்லாம, சேலை இல்லாம, புளிச்சோறு இல்லாம, ஆம்பளைங்களுக்கு நடுவுல நான் நைலானோட நிக்கணும். அதானே? பிறகு எதுக்குங்க போறோம்?"

வேல்ராஜ் கதவுப் பக்கம் பார்த்தார். பக்கத்து அறையில் அபி காதைத் தீட்டிக்கொண்டிருப்பாள் என்பது தெரியும். "போறோம்" என்றார், எதற்கென்று தெரியாமலே.

கிளம்புகிற அன்று காலையில் ஸ்டேஷனிலிருந்து போன் வந்தது. வாசலில் பையோடு நின்ற அபி பையைத் தோளிலிருந்து இறக்கிக் கீழே வைத்தாள். அதைப் பார்த்த வேல்ராஜுக்கு எதிர்முனையில் பேசியது பாதிதான் காதில் விழுந்தது. "என்ன சாவி? ஜீப் சாவியா? பீரோ மேல கிடக்கும், பாருலே" என்று சொல்லிப் போனை வைத்தார். அபி பையை எடுத்து மறுபடி மாட்டிக்கொண்டாள்.

பார்க்குக்குள் நுழைந்ததும் புருஷனும் பெண்டாட்டியும் திருதிருவென்று விழித்தார்கள். சிமெண்டில் பாறை, பிளாஸ்டிக்கில் வாழை, வளைந்து நிற்கும் இரும்புத் தென்னை. பாறை மேல் ஒரு பைபர் குரங்கு பல்லைக் காட்டிக்கொண்டிருந்தது. சங்கரேஸ்வரி சட்டென்று கைப்பையை இடுப்போடு சேர்த்து அணைத்துக்கொண்டாள். குற்றாலத்துக் குரங்குகளிடம் பறிகொடுத்துப் பழகிய கை அது. பிறகு தனக்குத்தானே சிரித்துவிட்டு, நைலானும் துண்டுமாகக் குளத்தோரம் உட்கார்ந்தாள்.

அலைக்குளம் என்று எழுதியிருந்தது. அலையைத்தான் காணோம். இடுப்பளவு தண்ணீரில் அபி குதித்துக்கொண்டிருந்தாள். வேல்ராஜும் இறங்கினார். கொஞ்ச நேரத்தில் அவருக்கே தெரியாமல் கரையேறி, தண்ணீருக்கு முதுகைக் காட்டிக்கொண்டு கூட்டத்தைப் பார்த்து நின்றார்.

"அப்பா, இங்கன வாங்க. அங்கன நின்னு யாரப் பாக்கீங்க?"

அவர் பதில் சொல்லுமுன் சங்கு ஊதியது.

அவ்வளவுதான். "வெளிய வா, வெளிய வா, எல்லாரும் வெளிய வாங்க" என்று அடித்தொண்டையில் கத்தியபடி பாய்ந்தார். ஒரு கையில் அபி, மறு கையில் யாரோ ஒரு வழுக்கைத் தலைக்காரர். இரண்டு பேரையும் தரதரவென்று இழுத்துக்கொண்டு கரைக்கு ஓடினார். ஆனால் ஜனங்கள் வெளியே வரவில்லை. கூச்சல் போட்டுக்கொண்டு அவரையும் இடித்துத் தள்ளிக்கொண்டு தண்ணீருக்குள்ளே ஓடினார்கள். சங்கு ஊதியதும் உள்ளே ஓடுகிற மனிதர்களை வேல்ராஜ் தன் ஆயுளில் பார்த்ததில்லை. உலகம் தலைகீழாகிவிட்டதா, தனக்குத்தான் கிறுக்குப் பிடித்துவிட்டதா என்று விளங்காமல் நின்றார்.

பார்க் ஊழியர் ஒருவர் ஓடிவந்தார். "சார், அலை விடப்போறோம்னு சங்கு ஊதுனோம். வேற ஒண்ணுமில்ல சார்."

வழுக்கைத் தலைக்காரர் கையை உதறிக்கொண்டு உள்ளே போனார். நாலு பேர் சிரித்தார்கள். வேல்ராஜுக்கு மானம் போயிற்று. அதைவிட, மகளின் நாளைத் தன் கையாலேயே கெடுத்துவிட்டோமே என்பதுதான் அவருக்குப் பெரிதாக இருந்தது. அபியின் முகத்தைப் பார்க்கத் தைரியம் வரவில்லை.

அபி பார்த்தது அவர் கையை. அவளுடைய மணிக்கட்டை இன்னும் விடாமல் பிடித்திருந்த அந்தக் கை வெடவெடவென்று நடுங்கியது.

"அப்பா, அங்கன சங்கு ஊதும்போதும் இப்படித்தான் நடுங்குமா?"

"தெரியலட்டி. அங்கன கையப் பாக்க ஏது நேரம்."

சங்கரேஸ்வரி எழுந்து வந்து தன் தோளிலிருந்த துண்டை எடுத்து அவர் தோளில் போட்டாள். மூவரும் அப்படியே நின்றார்கள். முதல் அலை ஓய்ந்து, குளம் மறுபடி சமதளமாகக் கிடந்தது.

இரண்டாம் தடவை சங்கு ஊதியபோது வேல்ராஜின் கால்கள் தாமாகவே வெளிப்பக்கம் திரும்பின. "அந்தப் பக்கம் இல்லப்பா. இந்தப் பக்கம்" என்றாள் அபி. அவர் திரும்பினார். எதற்கும் இருக்கட்டும் என்று மனைவியையும் ஒரு கையால் பிடித்துக்கொண்டார். தண்ணீரை நேருக்கு நேர் பார்த்தபடி மூவரும் இறங்கினார்கள். அலை வந்து இடுப்பில் மோதியதும் பழக்கத்தில் மறு கை விசிலைத் தேடிக் கழுத்துக்குப் போனது. அந்தக் கையை அபி பிடித்துக்கொண்டாள்.