முத்துநாயகத்தின் கார் ஷெட்டும் ஜெபகுமாரியின் டிராக்டரும்

டிராக்டரில் ஏறி உட்கார்ந்ததும் ஜெபகுமாரி முதலில் செருப்பைக் கழற்றி இருக்கைக்கு அடியில் தள்ளுவாள். கிளட்சை வெறுங்காலால் மிதித்தால்தான் வண்டி என்ன சொல்கிறது என்று தெரியுமாம். சாவியைத் திருப்பி, என்ஜின் ஒரு தும்மல் தும்மி உறுமத் தொடங்கும்போது அவள் முகத்தில் வருகிற வெளிச்சம் அவளுடைய கல்யாண ஆல்பத்தில்கூட இல்லை என்று அவளோடு நாற்று நடுகிற பகவதி சொல்வாள். ஆல்பத்தில் ஜெபகுமாரி பல்வலிக்காரி மாதிரி நிற்பாள் என்பதும் உண்மைதான்.

அவள் பிறந்தது குலசேகரத்துக்கு மேலே, ரப்பர் மலையில். ரப்பர் பால் எடுக்கப் போன தோட்டத்தில் ஒருநாள் ஜீப் ஓட்டுகிறவர் வரவில்லை. வானம் கறுத்துக்கொண்டு வந்தது. மழை விழுந்தால் வாளிகளில் நிற்கும் பால் அத்தனையும் வீண். கங்காணி தலையில் கைவைத்து நின்றபோது இவள் ஜீப்பில் ஏறிவிட்டாள்.

“ஓட்டத் தெரியுமா பிள்ளே?”

“தெனமும் பக்கத்துல இருந்து பாக்கியேன்லா.”

ஜீப் அடிவாரத்துக்கு வந்து சேர்ந்தது. வழியில் ஒரு பலாமரத்தை மட்டும் உரசியது. அடுத்த மாதமே மார்த்தாண்டத்தில் போய் லைசென்ஸ் எடுத்துவிட்டாள்.

கிளீட்டஸைக் கட்டிக்கொண்டு தாழக்குடிப் பக்கம் வந்த பிறகு ஓட்டுவதற்கு எதுவும் இல்லை. கிளீட்டஸ் கொத்தனார் வேலைக்கு கத்தார் போய்விட்டான். அவள் நாற்று நடப் போனாள். குனிந்து நட்டுக்கொண்டிருக்கும்போது பக்கத்து வயலில் டிராக்டர் சத்தம் கேட்டால் நிமிர்ந்துவிடுவாள். “கியரை மாத்துலே, கியரை மாத்து” என்று தனக்குள் சொல்லிக்கொள்வாள். வாடகை டிராக்டர்கள் தங்கள் இஷ்டத்துக்கு வருவதும் வராமல் போவதுமாக இருந்த ஒரு வருஷம், மகளிர் குழுக் கூட்டத்தில் அவள் எழுந்து, நாமே ஒன்று வாங்கினால் என்ன என்று கேட்டாள். யார் ஓட்டுவது என்று கேட்டார்கள். அவள் சிரித்தாள்.

அப்படித்தான் 2012இல் அந்தச் சின்ன நீல டிராக்டர் ஊருக்கு வந்தது. களியக்காவிளைக்குப் பக்கத்தில் ஒரு எஸ்டேட்டில் கிடந்த பழைய வண்டி. நெடுஞ்சாலை வழியாக அவளே ஓட்டிக்கொண்டு வந்தாள். பின்னால் பஸ்கள் ஹாரன் அடித்துக் கதற, தக்கலைச் சந்தையில் மீன் வாங்க வந்தவர்கள் வாய் பிளந்து பார்க்க, வழி முழுக்க அவள் பாட்டுப் பாடிக்கொண்டே வந்ததாகக் கூடவந்த பகவதி சொன்னாள். என்ன பாட்டு என்று என்ஜின் சத்தத்தில் கேட்கவில்லையாம்.

அந்த வண்டியில் இருக்கைக்குப் பின்னால் ஒரு இரும்பு வளைவு இருந்தது. ஓட்டுகிறவரின் தலைக்கு மேல் நிமிர்ந்து நிற்கும். வண்டி கவிழ்ந்தாலும் ஆள் நசுங்காமல் காக்கும். தாழ்ந்த கிளைகளுக்கு அடியில் போக வேண்டுமானால் இரண்டு பக்கமும் செருகியிருக்கும் இரும்புப் பின்னை உருவி, பின்பக்கமாக மடக்கிவிடலாம். ஊரில் வேறு எந்த வண்டியிலும் அப்படி ஒன்று கிடையாது.

“யக்கா, இதுல யாரு கோல் அடிக்கணும்?” என்று கேட்டான் மகேஷ்குமார். பாசன சங்கத் தலைவர் முத்துநாயகத்தின் மருமகன். அக்கா மகன். டிராக்டர் ஓட்டத் தெரிந்தவன், ஓட்ட வண்டி இல்லாதவன்.

“நீ குனிஞ்சு நில்லு மக்கா. பந்து கெடைச்சிரும்.”

குளத்துக் கரையில் ஏறும்போது வளைவை நிமிர்த்துவாள். வாழைத் தோட்டத்துக்குள் போகும்போது மடக்குவாள். இந்த ஒழுங்கைக் கெடுத்தவர்கள் நடவுக்காரிகள். வயலில் எங்கே வைத்தாலும் தொளிச்சேறு தெறித்துவிடுகிற அவர்களுடைய பைகளுக்கும் மாற்றுச் சேலைகளுக்கும் தூக்குவாளிகளுக்கும் அந்த வளைவு நல்ல கொடியாக அமைந்துவிட்டது. “ஏட்டி, அந்தக் கம்பியக் கொஞ்சம் நிமித்திவை” என்பார்கள். அவளும் நிமிர்த்திவைப்பாள்.

அது கும்பப்பூ நடவு, வருஷத்தின் இரண்டாம் போகம். அன்று பொழுது சாயும்போது மடையை அடைத்துவிடுவார்கள் என்று அறிவிப்பு வந்திருந்தது. அணையிலிருந்து அடுத்த முறை தண்ணீர் எப்போது வரும் என்று யாருக்கும் தெரியாது. மேலத்தடி வயல்களில் தொளி அடித்து முடித்தாயிற்று. கீழத்தடி முழுவதும் பாக்கி. அவ்வளவும் குழுப் பெண்களின் துண்டு வயல்கள். தண்ணீர் நிற்கும்போதே உழுது கலக்காவிட்டால் நாற்று முற்றிப்போகும், அந்தப் பூ போனதுதான். ஆகவே மத்தியானம் மேலத்தடியை விட்டுக் கரையேறிய ஜெபகுமாரி வண்டியை நிறுத்தவே இல்லை. நடவுக்காரிகள் பின்னால் ஓடிவந்தார்கள். அவர்களுடைய சாப்பாடு வளைவில் ஆடிக்கொண்டு முன்னால் போனது.

கீழத்தடிக்குப் போகிற வண்டித்தடம் முத்துநாயகம் வீட்டு ஓரமாகப் போகிறது. அங்கேதான் அவருடைய கார் ஷெட். இரும்புத் தூண், இரும்புப் பைப், மேலே நீலத் தகரம். கார் மாற்றும்போதெல்லாம் ஷெட்டும் வளர்ந்தது. இந்தக் காருக்கு வெயில் படக்கூடாது என்று தகரத்தைத் தடத்தின் மேலேயே நீட்டிவிட்டார். வைக்கோல் லாரி அந்தப் பக்கம் போவதை நிறுத்தி வருஷம் ஒன்றாகிறது. ஊரில் எல்லோரும் அதைப் பற்றிப் பேசினார்கள், அவரிடம் தவிர. மடைத் தண்ணீர் முறை அவர் கையில் இருந்தது.

ஜெபகுமாரியின் தலை தகரத்துக்கு அடியில் சுகமாகப் போய்விட்டது. அதனால்தான் அவளுக்கு ஒன்றும் தோன்றவில்லை. அடுத்த நொடி, பின்னாலிருந்து யாரோ முடியைப் பிடித்து இழுத்தது போல வண்டி நின்று, முன் சக்கரம் தரையை விட்டு எழும்பியது. இரும்பு இரும்போடு உரசும் சத்தம். காலே யோசித்துக் கிளட்சை மிதித்தது. சக்கரம் பொத்தென்று இறங்கியது. என்ஜினை அணைத்தாள். அவள் திரும்பிப் பார்த்தாள்.

ஷெட் சாய்ந்திருந்தது. முன்தூண்கள் இரண்டும் சிமெண்டோடு பிடுங்கிக்கொண்டு நின்றன. கூரை முழுவதும் அந்த வளைவின் மேல் தலைசாய்த்துப் படுத்திருந்தது. பைகளும் சேலைகளும் காற்றில் போய்விட்டன. ஒரு தூக்குவாளி வெள்ளைக் காரின் முன்கண்ணாடியில் கவிழ்ந்து, குழம்பு மெதுவாக வழிந்துகொண்டிருந்தது.

“எனக்க அயிலைக் கொழம்பு” என்றாள் ஓடிவந்து சேர்ந்த பகவதி.

முத்துநாயகம் ஒரு கன்னம் மழித்தும் ஒரு கன்னம் சோப்பு நுரையுமாக வெளியே வந்தார். ஷெட்டைப் பார்த்தார். காரைப் பார்த்தார். நேராக வந்து டிராக்டரின் சாவியை உருவி மடியில் செருகிக்கொண்டார். ஷெட்டும் காரும் ஜெபகுமாரியின் கண்ணை விட்டு மறைந்துபோயின. சாவி மட்டும்தான் தெரிந்தது.

“அண்ணாச்சி, தண்ணி அடைக்கப் போறாவ. சாவியத் தாருங்க.”

“எனக்க ஷெட்டக் குத்திச் சாச்சுப்போட்டு ஒனக்குத் தண்ணி கேக்குதோ?”

அதற்குள் ஆட்கள் கூடிவிட்டார்கள். சிலர் உச்சுக்கொட்டினார்கள். பின்வரிசையில் யாரோ, “கொள்ளாம், இப்பம் லாரி போவும்” என்று சொல்ல, சிரிப்பு ஓடியது. அந்தச் சிரிப்பை முத்துநாயகம் கேட்டார். நுரைக் கன்னம் துடித்தது.

“ஏட்டி ஜெபா, நேராச் சொல்லு. வேணும்னு இடிச்சியா, தெரியாம இடிச்சியா?”

“வேணும்னுதான் இடிச்சா” என்றாள் பகவதி, இடுப்பில் கைவைத்து. “ஊரு வழியில கூரைய நீட்டுனா இடிக்கத்தான் செய்வாவ. ஒமக்கு முன்னால நின்னு கேக்க ஆணு ஒருத்தனுக்கும் தைரியமில்ல. இவ கேட்டுட்டா.”

கூட்டம் ஜெபகுமாரியை வேறு கண்ணால் பார்க்கத் தொடங்கியது. அந்தப் பார்வை அவளுக்குப் பிடித்திருந்தது. ஒரு கணம் முதுகு தானாக நிமிர்ந்தது.

“சும்மா இரு அத்தே,” என்றான் மகேஷ்குமார். “அவளுக்குக் கம்பிய மடக்கணும்னு தோணல. வண்டி ஓட்டத் தெரிஞ்சவன்னா தலைக்கு மேல என்ன இருக்குன்னு பாப்பான்.”

இரண்டு பக்கமும் கதவு மூடிக்கொண்டு வருவது அவளுக்குத் தெரிந்தது. வேண்டுமென்றே இடித்தேன் என்றால் ஊருக்கே வீராங்கனை. ஆனால் அவர் போலீஸைக் கூப்பிடுவார். வண்டி ஸ்டேஷன் வாசலில் நிற்கும், கீழத்தடி காய்ந்து கிடக்கும். மறந்துவிட்டேன் என்றால் அவள் பொம்பிளை டிரைவர், அவ்வளவுதான். இருக்கை நாளைக்கே மகேஷ்குமாருக்கு. இரண்டையும் தட்டிப் பார்த்தாள். எந்தப் பக்கம் போனாலும் சாவி கைக்கு வரவில்லை. அப்படியானால் உள்ளதைச் சொல்லிவிட்டுப் போகலாமே.

“மறந்துட்டேன் அண்ணாச்சி. கம்பிய மடக்க மறந்துட்டேன். தப்பு எனக்கதுதான்.”

பகவதி இடுப்பிலிருந்த கையை எடுத்தாள். கூட்டம் பெருமூச்சு விட்டது. பின்வரிசைக்காரர் ஒருவர் வேட்டியை உதறிக்கொண்டு கிளம்பியேவிட்டார். முத்துநாயகத்தின் தோள்கள் மட்டும் சற்று இறங்கின. ஊரே எதிர்த்து நிற்கிறது என்பதைவிட ஒருத்தி மறந்துபோனாள் என்பது அவருக்குத் தாங்கக்கூடியதாக இருந்தது.

“அப்பம் ஒனக்கு ஓட்டத் தெரியல” என்றார். சாவியை எடுத்து மருமகனிடம் நீட்டினார். “ஏலே, நீ ஏறி இத வெளியே எடு.”

மகேஷ்குமார் ஒரே தாவலில் ஏறினான். அவளுடைய செருப்பைக் காலால் ஒதுக்கினான். என்ஜின் உறுமியது. பின்கியர் போட்டுக் கிளட்சை விட்டான். கூரை முழுவதும் முனகிக்கொண்டு நகர்ந்தது. ஒரு தகரம் கழன்று சரிந்து, கார்க் கண்ணாடிக்கு ஒரு சாண் மேலே வந்து தொங்கியது.

“நிறுத்துலே சவமே” என்றார் முத்துநாயகம். இறங்கச் சொல்லிக் கையை ஆட்டினார்.

இப்போது எல்லோருக்கும் விளங்கிவிட்டது. இடித்த வளைவுதான் கூரையைத் தாங்கிக்கொண்டிருந்தது. டிராக்டர் நகர்ந்தால் கூரை காரின் மேல் விழும். டிராக்டர் நகராவிட்டால் கார் வெளியே வர முடியாது. முத்துநாயகம் காரையும் டிராக்டரையும் மாறிமாறிப் பார்த்தார்.

“ஊனுகம்பு” என்றாள் ஜெபகுமாரி.

பகவதிக்கு வேறு விளக்கம் தேவைப்படவில்லை. பக்கத்திலேயே முத்துநாயகத்தின் வாழைத் தோட்டம். குலை தள்ளிய வாழைகளுக்கு முட்டுக் கொடுக்கக் கம்புகளை அங்கே குவித்துவைத்திருந்தார். நடவுக்காரிகள் சேலையை வரிந்து கட்டிக்கொண்டு உள்ளே பாய்ந்தார்கள். ஆளுக்கொரு கம்பு.

“ரேசன் கடைக் கியூவா நிக்கிய? தள்ளி நில்லுட்டி.”

“நீ அந்த மூலையப் பிடி, எனக்கு இடுப்புப் பிடிச்சிட்டு.”

“நேத்து சொள்ளமாடன் கோயில்ல ஆடும்போ பிடிக்கல்லியோ?”

பைப்புகளுக்கு அடியில் ஒவ்வொன்றாகக் கம்புகள் ஏறின. முத்துநாயகமும் நுரை காய்ந்த முகத்தோடு ஒரு கம்பைத் தோளில் ஏந்தி நின்றார். வேறு வழி அவருக்கு இல்லை. மகேஷ்குமார் இன்னொன்றைப் பிடித்தான். ஜெபகுமாரி வண்டியில் ஏறி இருக்கையின் மேல் மண்டியிட்டாள். ஒரு பக்கத்து இரும்புப் பின் உடனே வந்தது. மறுபக்கத்துப் பின் இறுகியிருந்தது. கல்லை எடுத்துத் தட்டினாள். ஒவ்வொரு தட்டுக்கும் மேலே தகரம் அதிர்ந்தது. கீழே நின்றவர்கள் கண்ணை மூடிக்கொண்டார்கள்.

“பைய மக்கா, பைய” என்றாள் பகவதி.

பின் தெறித்து விழுந்தது. வளைவு மடங்கியது. கூரை ஒரு விரற்கடை இறங்கிக் கம்புகளின் மேல் உட்கார்ந்தது. வெறுங்கால் கிளட்சில் வைத்து, மூச்சு விடுவது போல அவள் வண்டியை முன்னால் எடுத்தாள். இரும்பில் இரும்பு படவில்லை. பின்னாலேயே மகேஷ்குமார் ஓடிப்போய்க் காரை வெளியே எடுத்தான். எல்லோரும் விலகினார்கள். ஷெட் மிகுந்த யோசனைக்குப் பிறகு படுத்துக்கொள்கிறவரைப் போலத் தரையில் சாய்ந்தது.

தூசி அடங்கியபோது டிராக்டர் அங்கே இல்லை.

“எங்கட்டி போறா?” என்றார் முத்துநாயகம். “சாவி…”

“கீழத்தடிக்கு” என்றாள் பகவதி. “ஷெட்டத் தூக்கி நிறுத்த நாளைக்கு வருவோம் நாங்க எல்லாரும். அவளுக்குப் பொய் சொல்லத் தெரியாது. வருவா.”

கீழத்தடியில் தண்ணீரைச் சக்கரங்கள் இரண்டாகப் பிளந்தன. தொளி அவள் தோள்வரை தெறித்தது. முகத்தைத் துடைக்கக்கூட அவள் கையை எடுக்கவில்லை. ஒரு வயல் முடிய அடுத்த வயல், வரப்பேறி அதற்கடுத்தது. பின்னாலேயே கொக்குகள் இறங்கின. கொக்குகளுக்குப் பின்னால் பசித்த வயிற்றோடு நடவுக்காரிகள் இறங்கினார்கள். வெயில் மஞ்சளானது. இன்னும் பகவதியின் வயல் பாக்கி இருந்தது.

மடையடைக்க ஆள் சைக்கிளில் வந்து இறங்கியபோது, மதகுக் கல்லில் முத்துநாயகம் உட்கார்ந்திருந்தார். இப்போது இரண்டு கன்னமும் மழித்திருந்தது.

“அடைக்கட்டா அண்ணாச்சி? நேரமாச்சு.”

அவர் கீழத்தடிப் பக்கம் பார்த்தார். நீல வண்டி கடைசி வயலுக்குள் இறங்கிக்கொண்டிருந்தது.

“ஒரு பீடி இருந்தா தா” என்றார். “அந்த ஆக்கங்கெட்டவ இதையும் முடிச்சிக்கிடட்டும். பொறவு அடைப்போம்.”