செருப்பைப் பார்த்துச் சொன்ன சீட்டு

என் அக்காள் கணவர் மதிப்பெண் தாளைக் கையில் வாங்குமுன் வந்தவரின் கால்களைப் பார்ப்பார். பல வருடம் இது ஒரு பழக்கம் என்றே எனக்குத் தெரியவில்லை. கண்ணாடி மேசைக்குப் பின்னால் உயரமான ஸ்டூலில் உட்கார்ந்திருப்பார். யாராவது படியேறி வந்தால் மூக்குக் கண்ணாடியைச் சரிசெய்வதுபோல் தலையைக் கொஞ்சம் முன்னால் சாய்ப்பார். பார்வை மேசை விளிம்பைத் தாண்டி இறங்கி, கீழே ஒரு கணம் நின்றுவிட்டு மேலே வரும். அதற்குப் பிறகுதான் கை நீளும். தரை அழுக்காகிறதா என்று பார்க்கிறார் போல என்று நினைத்திருந்தேன். ஆனால் தரையைத் துடைப்பவள் நான். அதைப் பற்றி அவர் ஒரு நாளும் கவலைப்பட்டதில்லை.

அவர் வைத்திருப்பது ஜெராக்ஸ் கடை. கல்லூரிகள் இருக்கும் சாலையின் முனையில், பஸ் நிற்கும் இடத்துக்கு நேராக இருக்கிறது. முன்பக்கம் இரண்டு இயந்திரங்கள், அவர், அவர் வாய். பின்பக்கம் ஒரு தடுப்புக்கு அப்பால் நான். தாள்களில் துளை போட்டு, சுருள் கம்பி கோத்து, பைண்டிங் செய்து கொடுப்பேன். பள்ளியைப் பாதியில் விட்டவள், நாலு பேர் எதிரே பேச வராதவள் என்பதால் அந்தத் தடுப்பு எனக்கு வசதி. அதில் கண்ணாடி பதித்த ஒரு சதுரம் உண்டு. அங்கிருந்து வாடிக்கையாளரின் முகம் தெரியாது. இடுப்புக்குக் கீழேதான் தெரியும். அதனால்தான் அவர் எதைப் பார்க்கிறார் என்பது எனக்குப் பிடிபட்டது.

தெருவில் அவருக்குச் சீட்டுக்காரர் என்று பெயர். புதிதாகக் குடிவந்த ஒருவர், சூதாட்டக்காரர் போலிருக்கிறது என்று பயந்து கொஞ்ச நாள் கடைப்பக்கமே வரவில்லை. விஷயம் வேறு. பிள்ளைக்குக் கல்லூரியில் சீட்டு கிடைக்குமா என்று தாளைப் பார்த்தே சொல்லிவிடுவார் என்பதால் வந்த பெயர் அது. அவர் கொடுத்த சீட்டைவிடக் கிழித்த சீட்டு அதிகம் என்பது என் கணக்கு.

ஒவ்வொரு வருடமும் பொது நுழைவுத் தேர்வின் முடிவு வந்ததும் கடையில் கூட்டம் நெரியும். எல்லாப் பிள்ளைகளும் ஒரே நாளில் எழுதும் தேர்வு. எண்ணூறு மதிப்பெண். கல்லூரிகள் அதை மட்டும் வைத்து ஆள் எடுப்பதில்லை. பள்ளி மதிப்பெண்ணைப் பார்ப்பார்கள், பிள்ளை தானே எழுதிய ஒரு கட்டுரையைக் கேட்பார்கள், சிலரை நேரில் அழைத்துப் பேசுவார்கள். விண்ணப்பத்தின் முதல் பக்கத்திலேயே இது அச்சடித்திருக்கும். அதை வருடா வருடம் கட்டுக்கட்டாக நகல் எடுத்தவர் அவர். படித்ததாகத் தெரியவில்லை.

பெற்றோர் வந்து, நகல் எடுக்கும் சாக்கில் தாளை நீட்டி, சும்மா கேட்பதுபோல் கேட்பார்கள். பளபளப்பான ஷூ என்றால் அவர் தாளை இரண்டு கையாலும் வாங்குவார். "மார்க்கு கொஞ்சம் கம்மிதான் சார். ஆனா பையன் முகத்துல ஒரு தெளிவு இருக்கு. எண்பது பர்சன்ட் சான்ஸ் சொல்லலாம்" என்பார். பையன் வந்தே இருக்கமாட்டான். வார் அறுந்து தைத்த செருப்பு என்றால் தாளை ஒரு விரலால் தன் பக்கம் இழுப்பார், உதட்டைப் பிதுக்குவார், ஒரே வார்த்தை சொல்வார்.

"அலையாதீங்க."

கோபமாகச் சொல்லமாட்டார். மிகவும் அக்கறையாக, உங்கள் கால்வலியை நினைத்துச் சொல்கிறேன் என்பதுபோல் சொல்வார். கேட்டவர் தாளை நாலாக மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு, எடுக்க வந்த நகலையும் எடுக்காமல் படியிறங்குவார். எண்பது, பத்து, ஐந்து என்று அவர் சொல்லும் சதவீதங்களெல்லாம் தலைக்கு மேலே சுற்றும் மின்விசிறியிலிருந்து பறித்தவை. யாரும் திரும்பி வந்து சண்டை போட்டதில்லை. சீட்டு கிடைத்தவனுக்கு வர நேரமில்லை. கிடைக்காதவனுக்கு வர வெட்கம். விண்ணப்பமே போடாதவனுக்கு எப்படியும் கிடைக்காது, அதுவும் இவர் கணிப்பு பலித்த கணக்கில் சேர்ந்துவிடும். இப்படி ஒரு தொழிலில் யார்தான் தோற்கமுடியும்?

"நான் காலேஜ்ல இருந்தப்ப" என்றுதான் எதையும் ஆரம்பிப்பார். கேட்பவர்கள் மாணவர் சேர்க்கைப் பிரிவில் பெரிய பொறுப்பில் இருந்தார் என்று எடுத்துக்கொள்வார்கள். இருந்தது தபால் பிரிவில். உறைகளுக்குப் பசை தடவும் வேலை, அதையும் நீண்ட நாள் பார்க்கவில்லை. அந்தத் தேர்வை அவரும் ஒரு காலத்தில் எழுதியிருக்கிறார், மதிப்பெண் குறைந்தது, விண்ணப்பம் போடாதே என்று அவர் அப்பா சொன்னார், போடவில்லை. இது அக்கா சொல்லித் தெரியும். இதைக் கேட்டால் பாவம் என்று தோன்றவேண்டும். எனக்குத் தோன்றவில்லை. தன்னை அடித்த அதே கோலை எடுத்துப் பத்திரமாக வைத்துக்கொண்டு, வருகிறவன் போகிறவன் எல்லாரையும் அடிப்பவரிடம் எதற்குப் பாவம் பார்ப்பது.

ஒரு வருடம் ஒரு கார் டிரைவர் வந்தார். முதலாளி கழித்துப் போட்ட ஷூவை அணிந்திருந்தார். நல்ல தோல், ஆனால் ஒரு அளவு பெரியது. நடக்கும்போது குதிகால் தனியாக ஏறி இறங்கியது, முன்பக்கம் காகிதம் அடைத்திருக்க வேண்டும். என் சதுரக் கண்ணாடிக்கு இது தெரிந்தது, ஸ்டூலில் இருப்பவருக்குப் பளபளப்பு மட்டும் தெரிந்தது. "தாராளமா போடுங்க சார், கிடைக்கும்" என்றார். டிரைவருடைய பெண்ணின் மதிப்பெண் அதற்குச் சற்று முன்னால் 'அலையாதீங்க' வாங்கிக்கொண்டு போன பையனுடையதைவிடக் குறைவு. டிரைவர் நம்பினார், விண்ணப்பம் போட்டார், பெண்ணை நேர்காணலுக்கு அழைத்துப் போனார், அவளுக்குச் சீட்டு கிடைத்தது. பழம் வாங்கிக்கொண்டு வந்து நின்றார். அன்று வேலை இல்லாத நாள், ரப்பர் செருப்பில் வந்திருந்தார். சீட்டுக்காரருக்கு அவரை அடையாளம் தெரியவில்லை. கால்களைப் பார்த்துவிட்டு, "என்ன, ஜெராக்ஸா?" என்றார்.

அன்றிலிருந்து அவர் சொல்லும் எதையும் நான் காதில் வாங்குவதில்லை. ஆனால் என் அக்காள் மகள் அவருடைய பெண். அவளால் அப்படி இருக்கமுடியாதே.

அவள் நிதானமாகப் படிப்பவள். ஒரு வரியை இரண்டு முறை படிக்காமல் அடுத்த வரிக்குப் போகமாட்டாள். கடை இயந்திரம் ஒன்றின் இரண்டாம் தட்டில் எப்போதும் தாள் சிக்கும். அவள் அப்பா அதன் பக்கவாட்டில் கையால் தட்டுவார், அவருக்குத் தெரிந்த பழுதுபார்ப்பு அவ்வளவுதான். அவள் மூடியைத் திறந்து, உருளையைக் கழற்றி, துடைத்து, திரும்ப மாட்டி, ஏன் சிக்கியது என்று தெரியும்வரை பக்கத்திலேயே உட்கார்ந்திருப்பாள். இயந்திரவியல் படிக்கவேண்டும் என்பது அவள் ஆசை. அதுவும் இதே சாலையின் கடைசியில் இருக்கும் கல்லூரியில்.

தேர்வில் எண்ணூறுக்கு முந்நூற்று எட்டு வந்தது.

விண்ணப்பத்தோடு வைக்க நகல் வேண்டுமே, தாளோடு கடைக்கு வந்தாள். கூட்டமான நேரம். நாலைந்து பேருக்குப் பின்னால் வரிசையில் நின்றாள். மழைக்கு வீட்டு ரப்பர் செருப்பைப் போட்டுக்கொண்டு வந்திருந்தாள். அதன் வார் அறுந்து, என் பைண்டிங் கம்பித் துண்டு ஒன்றை வளைத்து அவளே கட்டியிருந்தாள். அவள் முறை வந்தது. அவர் வேறு யாருக்கோ சில்லறை கொடுத்துக்கொண்டே தலையைச் சாய்த்தார். பார்வை இறங்கியது, கம்பி கட்டிய வாரில் நின்றது, தாளுக்கு ஏறியது. முகத்துக்கு வரவே இல்லை. உதடு பிதுங்கியது.

"அலையாதீங்க" என்றார்.

பெற்ற பெண்ணிடம், 'ங்க' போட்டு.

வரிசையில் யாரோ சிரித்துவிட்டார்கள். அப்போதுதான் நிமிர்ந்து பார்த்தார். முகத்தில் ஈயாடவில்லை. அவள் தாளைத் திரும்ப எடுத்துக்கொண்டாள்.

"நான் கஸ்டமர் இல்லப்பா" என்றாள்.

அந்த இடத்தில் அவரும் சிரித்திருந்தால் விஷயம் முடிந்திருக்கும். சிரிக்கவில்லை. இத்தனை பேர் எதிரே சொன்னதை மாற்றிச் சொன்னால் பெயர் என்னாவது? தொண்டையைக் கனைத்துக்கொண்டு, என் பெண்ணாக இருந்தாலும் உள்ளதைத்தான் சொல்லுவேன், பத்து சதவீதம்கூடத் தேறாது என்று வரிசையைப் பார்த்துப் பேசினார். எவ்வளவு நேர்மையான மனிதர் என்று ஒருவர் சொன்னது கேட்டது. அவள் அதற்குள் படியிறங்கிவிட்டாள்.

வீட்டிலும் விடவில்லை. விண்ணப்பமே போடக்கூடாது, கடையில் உட்காரட்டும், அடுத்த வருடம் பார்க்கலாம் என்றார். அக்கா ஏன் என்று கேட்டாள். போட்டுக் கிடைக்காமல் போனால் சீட்டுக்காரர் பெண்ணுக்கே சீட்டு இல்லை என்று தெரு முழுக்கச் சிரிக்குமாம்.

"போடலன்னாலும் சீட்டு இல்லதானே?" என்றாள் அக்கா.

"அது வேற. நாங்களா வேணாம்னு விட்டோம்னு சொல்லிக்கலாம்."

அக்கா அடுப்பை அணைத்தாள். கையைத் துடைத்துக்கொண்டு வந்து, பெற்றோர் கையெழுத்து எங்கே போடவேண்டும் என்று மகளிடம் கேட்டாள். அம்மாவோ அப்பாவோ ஒருவர் போட்டால் போதும். இருபது வருடமாக அந்த வீட்டில் கையெழுத்தெல்லாம் அவருடையதுதான். அக்கா தன் பெயரைப் பெரிய பெரிய எழுத்தில், கட்டம் கொள்ளாமல் போட்டாள். அவர் சுவரைப் பார்த்து, இதெல்லாம் தண்டம், எனக்குத் தெரியாதா, நான் காலேஜில் இருந்தபோது என்று ஆரம்பித்தார். பசை தடவின கதையா என்று அக்கா கேட்டதும் நிறுத்திவிட்டார்.

நகல் எடுக்கவேண்டியது பாக்கி இருந்தது. மறுநாள் அவள் எங்கள் கடை வாசல்வரை வந்தாள், உள்ளே வரவில்லை. சாலையைக் கடந்து எதிர்க்கடைக்குப் போனாள். எதிர்க்கடை ஒரு பெண்ணுடையது. காதில் எந்நேரமும் பாட்டுக் கருவி மாட்டியிருப்பாள், யாரோடும் பேசமாட்டாள், அதனால் அவளுக்குத் திமிர் என்று எங்கள் கடையில் ஒரு தீர்ப்பு உண்டு. அவள் வாடிக்கையாளரிடம் கேட்கும் கேள்வி ஒன்றே ஒன்று: "ஒரு பக்கமா, ரெண்டு பக்கமா?" அக்காள் மகளிடமும் அதைத்தான் கேட்டாள். மதிப்பெண்ணையும் பார்க்கவில்லை, செருப்பையும் பார்க்கவில்லை. எடுத்துக் கொடுத்துவிட்டாள்.

சீட்டுக்காரர் ஸ்டூலிலிருந்து எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தார். அடுத்து வந்தவரிடம், எதிர்க்கடையில் தாள் மட்டம், விரல் பட்டால் கிழியும் என்றார். வந்தவர் பேனா இருக்கிறதா என்றுதான் கேட்டிருந்தார்.

கட்டுரையில் அவள் இரண்டாம் தட்டில் தாள் சிக்குவதைப் பற்றி எழுதியிருந்தாள். எனக்குப் படித்துக் காட்டினாள். அழகாக எழுதியிருந்தாள் என்று சொல்லமாட்டேன். எந்தத் திருகாணியை முதலில் கழற்றவேண்டும் என்பதிலேயே பாதிப் பக்கம் போயிருந்தது. நேர்காணலுக்கு அழைத்தார்கள். அக்காவும் நானும் கூடப் போய் வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருந்தோம். வந்து சொன்னாள்: மதிப்பெண் ஏன் இவ்வளவு கம்மி என்று நேராகவே கேட்டார்களாம்.

"என்ன சொன்ன?" என்றாள் அக்கா.

"படிக்க எனக்கு நேரமாகும்னேன். பாதித் தாள்தான் முடிச்சேன், எழுதின பாதியில தப்பு அதிகம் இல்லன்னேன்."

"அப்படியேவா சொன்ன?"

"கேட்டாங்கல்லம்மா."

கிடைத்தது. ஆனால் தேர்வு மதிப்பெண் குறைவு என்பதால் முதல் அரையாண்டு தனியாகக் கணக்கு வகுப்பில் உட்காரவேண்டும், அதில் தேறினால்தான் தொடரலாம் என்ற நிபந்தனையோடு. அக்காவின் போனுக்குத்தான் செய்தி வந்தது. அவர் அதை வாங்கி மேலும் கீழும் தள்ளிப் பார்த்தார். நிபந்தனை என்ற சொல் கண்ணில் பட்டதும் கொஞ்சம் தெம்பு வந்தது.

"பாத்தியா, முழுசாக் கிடைக்கல" என்றார். அடுத்த மூச்சிலேயே, நான் அப்படிச் சொன்னதால்தான் பெண்ணுக்கு ரோஷம் வந்தது, வேண்டுமென்றேதான் சொன்னேன் என்றார்.

"அப்ப ஊர்ல எல்லாருக்கும் ரோஷம் வரணும்னுதான் இத்தன வருஷமா சொல்லிட்டிருந்தீங்களா?" என்றாள் அக்கா.

அவர் சிரித்தார். பாராட்டு என்று நினைத்துக்கொண்டார்.

அந்தக் கணக்கு வகுப்பில் அவள் முதல் முறை தேறவில்லை, மறு வாய்ப்பில் தேறினாள். முதல் முறை தவறியபோது அவர் வீட்டில் இரண்டு நாள் உற்சாகமாக இருந்தார். அதை நான் மறக்கவில்லை.

இப்போது அவளுடைய சேர்க்கைக் கடிதத்தை லாமினேட் செய்து இயந்திரத்துக்கு மேலே மாட்டியிருக்கிறார். நல்ல ஷூ போட்டவர்களுக்கு அதைக் காட்டி, "என் பொண்ணுக்கே முந்நூத்தி எட்டுதான் சார், நான் வழி சொல்லிக் கொடுத்தேன், கிடைச்சுது" என்கிறார். தைத்த செருப்புக்காரர்களுக்குக் காட்டுவதில்லை, அவர்களாகத் தலைதூக்கிப் படித்தால் உண்டு. கூட்டம் முன்னைவிட அதிகம். நான் தடுப்புக்குப் பின்னால் கம்பி கோக்கிறேன். இரண்டாம் தட்டில் இன்னும் தாள் சிக்குகிறது, அவர் இன்னும் பக்கவாட்டில் தட்டுகிறார். அவள் இரண்டாம் ஆண்டு படிக்கிறாள். நகல் எடுக்க எதிர்க்கடைக்குத்தான் போகிறாள்.